சென்னை 48 ஆயிரமும் காரைக்குடி 26 ஆயிரமும்

போன வைகாசியில ஒரு ஞாயித்துக்கெழம எங்க அக்காவும் அக்கா பையனும் வீட்டுக்கு வந்தாங்க. பையன் திண்ணையில உக்காந்ததும் உக்காராததுமா போனை என் கையில குடுத்து "மாமா, இதக் கொஞ்சம் பாருங்க"ன்னான். பாத்தா சென்னையில பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியோட ஆஃபர் லெட்டர், பிஎஃப் அது இதுன்னு பிடிச்சது போக கைக்கு 48 ஆயிரம். இங்க காரைக்குடியில ஒரு ஆபீஸ்ல அவன் அப்ப வாங்கிட்டு இருந்தது 26 ஆயிரம். அக்கா செருப்பக் கழட்டும்போதே கணக்கு போட்டுருச்சு, "மாசம் 22 ஆயிரம் கூட வருதுடா தம்பி, வருசத்துக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல, ரெண்டே வருசத்துல இவன் கல்யாணச் செலவே கைக்கு வந்துரும்."

அந்த 22 ஆயிரம் நெசமாவே 22 ஆயிரமாங்கறது தான் இங்க நான் சொல்ல வர்றது. நான் பெரிய பொருளாதார நிபுணர் எல்லாம் இல்ல, செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு கடையில கணக்கு எழுதறவன், வரி கட்டற சீசன் வந்தா தெரிஞ்சவங்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் குடுப்பேன், அதனால சென்னை பெங்களூர் சிங்கப்பூர்னு பல ஊர் சம்பள ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மெண்டும் என் கண்ணுல பட்டுட்டே இருக்கும். ஸ்லிப்ப மட்டும் பாத்தா ஒரு கதை, ஸ்டேட்மெண்டயும் சேத்துப் பாத்தா வேற கதை.

உள்ள போய் ஒரு கல்யாணப் பத்திரிக்கை கவர எடுத்துட்டு வந்தேன் (எங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்), பின்னாடி நடுவுல ஒரு கோடு போட்டு இடது பக்கம் காரைக்குடி வலது பக்கம் சென்னைன்னு எழுதுனேன். காரைக்குடி சுலபமா முடிஞ்சுருச்சு. வாடகை கெடையாது, சொந்த வீடு. அம்மா கையில மாசம் 8 ஆயிரம் குடுக்கறான், வண்டிக்கு பெட்ரோல் 1,500, போன் ரீசார்ஜ் 400, டீ, பரோட்டா, சினிமா, பசங்களோட சுத்தறது 2 ஆயிரம். மொத்தம் 11,900. கையில நிக்கறது 14,100.

வலது பக்கத்துக்கு வந்தோம். அவன் ஃப்ரெண்டு ஒருத்தன் ஏற்கனவே அங்க இருக்கான், ரெண்டு பேருமா சேந்து ஒரு படுக்கையறை வீடு பாத்தா 16 ஆயிரம்னு சொல்லியிருக்கான், பங்கு 8 ஆயிரம். கரண்ட், தண்ணி கேன், அப்பார்ட்மெண்ட் மெயின்டெனன்ஸ் 1,500. சாப்பாடு, மூணு வேளையும் வெளிய தான், 9 ஆயிரம். ஆபீஸ் போக வர 2,500. போன் அதே 400. மாசம் ஒரு தடவ ஊருக்கு வந்து போக 1,500. சனி ஞாயிறு வெளிய போறது 3,500, சென்னையில வீட்லயே உக்காந்திருக்க முடியாது, அந்த ரூமுக்குள்ள மனுசன் இருக்கவே மாட்டான். துணி தொவைக்க, சோப்பு சீப்பு, சில்லறை 1,000. கூட்டிப் பாத்தா 27,400. மிச்சம் 20,600.

"அப்ப 6,500 தான் கூடவா"ன்னு அக்கா மூஞ்சி லேசா மாறுச்சு. நான் கேட்டேன், "அக்கா, இவன் ஒனக்கு குடுக்கற 8 ஆயிரத்துல இவன் சோத்துக்கு எவ்ளோ ஆகும்?" கொஞ்ச நேரம் யோசிச்சு "ஒரு 3 ஆயிரம் ஆகும்டா, மிச்சம் 5 வீட்டுச் செலவுல போயிரும், கேஸு, மளிகை, அவரு மாத்திரை..." அப்படின்னா பையன் சென்னை போனாலும் அந்த 5 ஆயிரம் மாசாமாசம் இங்க வந்தாகணும். அதையும் கழிச்சா மிச்சம் 15,600. இங்க நின்னது 14,100.

22 ஆயிரம்னு ஆரம்பிச்சது 1,500ல வந்து நின்னுச்சு.

இதுல எந்த ஏமாத்து வேலையும் இல்ல. பிளஸ் ஒன் பொருளாதாரத்துல பணக்கூலி, உண்மைக்கூலின்னு ரெண்டு படிச்சிருப்போம், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துட்டோம். கையில எத்தன நோட்டு வருதுங்கறது பணக்கூலி, அந்த நோட்ட வச்சு நீங்க இருக்கற எடத்துல என்ன என்ன வாங்க முடியுதுங்கறது உண்மைக்கூலி. ஆஃபர் லெட்டர்ல இருக்கறது முதல் கணக்கு மட்டும் தான். ரெண்டாவத எந்த எச்ஆரும் போட்டுத் தரமாட்டாங்க, நாமளே தான் கவரத் திருப்பி வச்சு போட்டுக்கணும்.

இப்ப அடுத்த கேள்வி. ஊருக்கு ஊர் வெல ஏன் மாறுது, எல்லாமே மாறுதா? எல்லாம் மாறாது, புடிச்சுக்க வேண்டிய எடம் இது தான். தங்கம் எங்க ஊர் கல்லுக்கட்டியில வாங்குனாலும் டி நகர்ல வாங்குனாலும் கிட்டத்தட்ட அதே வெல தான். ஒரு போனு, ஒரு வண்டி, எல்ஐசி பிரீமியம், பேங்க் லோனுக்கு மாசத் தவணை, ஓடிடி சந்தா, இதுக்கெல்லாம் நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னே தெரியாது. லாரியில ஏத்தி எறக்கக்கூடிய சாமான் எதுவும் ரொம்ப நாள் ரெண்டு ஊர்ல ரெண்டு வெலையில இருக்காது, வித்தியாசம் பெருசா இருந்தா எவனாவது ஒருத்தன் இங்க வாங்கி அங்க வித்துருவான்.

லாரியில ஏத்த முடியாதது தான் மாறும். வீட்டு வாடகை, முடிவெட்டறது, தையக்கூலி, ஆட்டோ, வீட்டு வேலைக்கு வர்றவங்க சம்பளம், மெஸ் சாப்பாடு. முடிவெட்டற கடைய எடுத்துக்கங்க. எங்க ஊர்ல அண்ணன் கையில இருக்கற கத்தரிக்கோலும் சென்னையில இருக்கற கத்தரிக்கோலும் ஒரே வெல தான், வெட்டற நேரமும் அதே இருவது நிமிசம், முடி ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி தான் வளருது. ஆனா சென்னைக் கடைக்காரர் கடைக்கு வாடகை கட்டணும், வெட்டற தம்பிக்கு தங்க எடம் வேணும், அந்தத் தம்பி முடிவெட்டற வேலைய விட்டுட்டு டெலிவரிக்குப் போனா இவ்ளோ கெடைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்குக் கொறஞ்சு குடுத்தா அவன் நிக்கமாட்டான். பெரிய சம்பளம் குடுக்கற கம்பெனிகள் ஒரு ஊருக்கு வந்தா அந்தக் கம்பெனிப் பக்கமே போகாத ஆளோட கூலியையும் சேத்து ஏத்தி விட்டுரும், அது அப்படியே நம்ம பில்லுல வந்து உக்காரும். பலாசா, சாமுவேல்சன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1964ல தனித்தனியா இதத்தான் நாடுகள வச்சு விளக்குனாங்க, பணக்கார நாட்டுல முடிவெட்டற கூலி ஏன் ஒசத்தி, ஏழை நாட்டுல ஏன் மலிவுன்னு. நாட்டுக்கு நாடு நடக்கறது ஜில்லாவுக்கு ஜில்லாவும் நடக்குது.

இங்க ஒரு தப்பு அடிக்கடி நடக்குது, நெட்ல கூட கால்குலேட்டர் இருக்கும், ரெண்டு ஊர் பேரப் போட்டா "அந்த ஊர்ல இதே வாழ்க்கை வாழ இவ்ளோ சம்பளம் வேணும்"னு சொல்லும். அது பண்ற வேலை பெரும்பாலும் ஒரு பெருக்கல் தான். எங்க கவர்ல பாத்தா சென்னைச் செலவு 27,400, காரைக்குடிச் செலவு 11,900, வகுத்தா 2.3 மடங்கு. அப்ப 26 ஆயிரம் சம்பளத்தயும் 2.3ஆல பெருக்கி, 60 ஆயிரம் பக்கம் குடுத்தாத்தான் போவேன்னு பையன் சொல்லணும். தப்பு. ஏன்னா சம்பளம் முழுசும் செலவாகல, அதுல 14,100 மிச்சம் புடிக்கறான், அந்த மிச்சத்துக்கு சென்னை வெல கெடையாது, அது தங்கமாவோ எஃப்டியாவோ தங்கச்சி காலேஜ் ஃபீஸாவோ ஆகறப்ப ரெண்டு ஊர்லயும் ஒரே ரூவா தான். பெருக்க வேண்டியது செலவாகற பகுதிய மட்டும். அதனால சரியான கணக்கு, 27,400, வீட்டுக்கு அனுப்பற 5 ஆயிரம், இங்க மிச்சம் புடிக்கற 14,100, மூணையும் கூட்டுனா 46,500. அதுக்கு மேல வர்றது தான் நெச லாபம். 60 ஆயிரம் கேட்டு அடம் புடிச்சு வேலைய விடவும் வேண்டாம், 48 ஆயிரத்தப் பாத்து ரெண்டு மடங்கு ஆயிட்டோம்னு குதிக்கவும் வேண்டாம்.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் வேலை செய்யும். மூணு வருசம் கழிச்சு சென்னையில அவன் சம்பளம் 70 ஆயிரம் ஆகுதுன்னு வச்சுக்கங்க, கூட வர்ற 22 ஆயிரத்துல செலவு ஒரு 5 ஆயிரம் ஏறலாம், மிச்சம் 17 ஆயிரம் முழுசா நிக்கும், ஏன்னா ரூம் வாடகையும் மெஸ் பில்லும் ஏற்கனவே முதல் 48லயே கழிஞ்சுருச்சு. பெரிய ஊரு முதல்ல உங்ககிட்ட ஒரு நுழைவுக் கட்டணம் மாதிரி வாங்கிரும், அதத் தாண்டி சம்பாதிக்கற ஒவ்வொரு ரூவாயும் ஊர்ப்பக்கம் வந்தா ரொம்ப கனமா இருக்கும். அந்தக் கட்டணத்தக்கூட தாண்டாத சம்பளத்துக்கு போறவங்க பாடு தான் கஷ்டம், மாசம் 18 ஆயிரத்துக்கு சென்னை போயி ஒரு ரூம்ல ஆறு பேர் படுத்து கெடக்கற பசங்கள நானே போய்ப் பாத்திருக்கேன், வீட்ல கேட்டா "சென்னையில வேலை"ன்னு பெருமையா சொல்லுவாங்க.

இது ஒண்ணும் எங்க ஊருக்கு புதுசும் இல்ல. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு தெருவுக்குத் தெரு நிக்கற அந்தப் பெரிய வீடுகள எல்லாம் இந்தச் செம்மண்ணுல வெளஞ்ச காசுல கட்டல, அது பர்மா, மலேயா, இலங்கைக் காசு. கடல் தாண்டி தொழிலுக்குப் போறத நகரத்தார் கொண்டுவிக்கப் போறதுன்னு சொல்லுவாங்க. கடையில மேலாளா, அதாவது முதலாளிக்காக கடைய நடத்தற ஆளா போறவருக்கு பெரும்பாலும் மூணு வருசத்துக்கு ஒரு சம்பளச் சீட்டு, கெளம்பும்போதே அதுல ஒரு பங்கு முன்பணமா குடும்பத்துக்கு வந்துரும், அங்க போனா சாப்பாடும் தங்கறதும் கடைக்கணக்குல. சிங்கப்பூர்ல கிட்டங்கின்னு ஒரே கட்டடத்துல பல கடைக்காரங்க வரிசையா பெட்டியடி போட்டு உக்காந்து, அங்கயே சாப்புட்டு, அங்கயே பாய் விரிச்சுப் படுப்பாங்க. குடும்பம் ஊர்ல. வெல ஒசந்த ஊர்ல சம்பாத்தியம், செலவு அம்புட்டும் இங்க. இன்னைக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சு யூடியூப்ல வகுப்பு எடுக்கறாங்களே, அத அவங்க ரங்கூனுக்கு கப்பல்ல போன காலத்துலயே பண்ணிட்டாங்க. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் அத்தனையும் போட்டது போட்டபடி திரும்ப வேண்டி வந்துச்சு, அது தனிக் கதை. சம்பாதிக்கற எடமும் செலவு பண்ற எடமும் வேற வேறயா இருந்தா நடுவுல இருக்கற பாலம் ஒடையவும் கூடும்னு மட்டும் நினைவுல வச்சுக்கங்க, கொரோனாவுல பாஸ்போர்ட்டோட ஊர்ல மாட்டுன வளைகுடா ஆளுகளுக்கு இது நல்லாவே புரியும்.

சர்க்காருக்கு இந்த விசயம் தெரியாம இல்ல. மத்திய அரசு ஊழியர் சம்பளத்துல வீட்டு வாடகைப்படின்னு ஒண்ணு உண்டு, அதுக்காக ஊர்கள எக்ஸ், ஒய், இசட்னு மூணா பிரிச்சு வச்சிருக்காங்க. 50 லட்சம் ஜனத்தொகைக்கு மேல எக்ஸ், 5 லட்சத்துலேர்ந்து 50 லட்சம் வரைக்கும் ஒய், அதுக்குக் கீழ எல்லாம் இசட். சென்னை எக்ஸ், மதுரையும் திருச்சியும் ஒய், காரைக்குடி இசட் (2024ல மாநகராட்சி ஆயிட்டோம்னு பேனர் எல்லாம் வச்சாச்சு, 2011 கணக்கெடுப்புல ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம் தான்). 2024 ஜனவரியிலேர்ந்து அடிப்படைச் சம்பளத்துல எக்ஸுக்கு 30 சதவீதம், ஒய்க்கு 20, இசட்டுக்கு 10. எங்க ஊர் சிக்ரிய எடுத்துக்கங்க, அழகப்பச் செட்டியார் எடமும் பணமும் குடுத்து வந்த மத்திய ஆராய்ச்சி நிலையம், அதுக்கு சென்னை தரமணியிலயும் ஒரு பிரிவு இருக்கு. 56,100 அடிப்படைச் சம்பளம் வாங்கற ஒருத்தர் குவார்ட்டர்ஸ் எடுக்காம வெளிய குடியிருந்தா தரமணியில வாடகைப்படி 16,830, காரைக்குடியில 5,610. வேலை அதே, பதவி அதே, ஊரு மாறுனதுக்கு 11,220 ரூவா. போக்குவரத்துப்படியும் சென்னையில கூட. ஆனா அந்த 16,830ல சென்னையில நல்ல வீடு கெடைக்குமான்னா குடும்பஸ்தனுக்கு கெடைக்காது, காரைக்குடியில 5,610க்கு கொஞ்சம் தேடுனா சின்ன வீடு ஒண்ணு ஏதாவது சிக்கும். சர்க்கார் ஈடு கட்டறது பாதி தான்.

வருமான வரியிலயும் இது உண்டு. பழைய வரி முறையில வாடகைப்படிக்கு விலக்கு கேக்கறப்ப சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தா நாலுக்கும் சம்பளத்துல 50 சதவீதம் வரைக்கும், மத்த ஊருக்கு 40னு தான் ரொம்ப காலம் வச்சிருந்தாங்க, பெங்களூர் வாடகையில செத்துப் பொழைக்கறவனுக்கும் அந்த 40 தான். புது வரி முறைய எடுத்தா இந்த விலக்கே கெடையாது, அதனால ஆஃபர் லெட்டர்ல எச்ஆர்ஏ, அதான் வாடகைப்படி, பெருசா போட்டிருக்கேன்னு மயங்க வேண்டாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. டிவியில வெலவாசி குறியீடு ஏறுச்சு எறங்குச்சுன்னு சொல்றாங்களே, அத வச்சு ஊருக்கு ஊர் ஒப்பிட முடியாது. அது ஒரே ஊர்ல, ஒரே கூடை சாமான், முன்ன என்ன வெல இப்ப என்ன வெலன்னு பாக்கறது. மதுரைக்கு 140, சென்னைக்கு 135னு இருந்தா மதுரை வெல ஒசத்தின்னு அர்த்தம் இல்ல, ஆரம்பிச்ச வருசத்துலேர்ந்து மதுரையில கொஞ்சம் வேகமா ஏறியிருக்குன்னு தான் அர்த்தம். (அந்த எண் ரெண்டும் சும்மா உதாரணத்துக்கு.) படிச்சவங்களே இதுல வழுக்கி விழறாங்க.

நாடு விட்டு நாடு போறப்ப இதே வெளையாட்டு பெருசா நடக்கும். "சிங்கப்பூர்ல 3 ஆயிரம் டாலர், நம்ம காசுக்கு ரெண்டு லட்சம்"னு கல்யாண வீட்டுப் பந்தியில பேசிக்குவாங்க. அந்த மாத்துக்கணக்கு ஊருக்கு அனுப்பற பணத்துக்கு மட்டும் தான் பொருந்தும், அங்க ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போறத ரூவாய்க்கு மாத்திப் பாக்கறதுல பிரயோசனமே இல்ல, அங்க அந்த டாலருக்கு என்ன கெடைக்குமோ அது தான் அதோட மதிப்பு. இதுக்குத்தான் வாங்கும் சக்தி சமநிலைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, சுருக்கமா பிபிபி. ஒரே கூடைச் சாமான அமெரிக்காவுல வாங்க ஒரு டாலர் ஆச்சுன்னா இந்தியாவுல வாங்க எத்தன ரூவா ஆகும்னு பாக்கறது. உலக வங்கி இத ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் கணக்கு எடுக்குது, 2021க்கு எடுத்ததுல இந்தியாவுக்கு வந்தது சுமார் 20 ரூவா. அப்ப பேங்க்ல டாலர் 70 ரூவாய்க்கு மேல. அதாவது இங்க 60 ஆயிரம் ரூவா செலவு பண்ணி ஒருத்தர் வாழற வாழ்க்கை, அமெரிக்காவுல 3 ஆயிரம் டாலர் செலவு பண்ணி வாழறதுக்கு ஏறக்குறைய சமம், பேங்க் ரேட்ல மாத்துனா ஆயிரம் டாலர் கூட வராது. எக்கனாமிஸ்ட் பத்திரிக்கை 1986லேர்ந்து பிக் மேக் பர்கர் வெலைய வச்சு இத ஒரு வெளையாட்டா போட்டுட்டு வருது. நம்ம ஊருக்கு வெள்ளப் பணியாரம் வச்சு ஒரு குறியீடு போடலாம், என்ன, ஹெரிடேஜ் ஓட்டல்ல டூரிஸ்டுக்கு வெக்கற வெலையையும் தெருமுனை ஆச்சி கடை வெலையையும் சேத்துப் போட்டா கணக்கு கிறுக்குப் புடிச்சுரும்.

அந்த 20 ரூவா இந்தியா முழுசுக்கும் ஒரு சராசரி, மும்பைக்காரனுக்கும் எங்க பக்கத்து புதுவயல்காரனுக்கும் அது ஒண்ணு கெடையாது. ஊருக்கே ஒரு எண் கெடையாது, ஆளுக்கு ஆள் மாறும். கல்யாணம் ஆகாத பையன் ரூம் ஷேர் பண்ணிக்குவான். புள்ளகுட்டியோட போறவர் முழு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வேன் ஃபீஸ், அங்க அம்மாச்சி அப்பத்தா கெடையாதுங்கறதால பிள்ளையப் பாத்துக்க ஆளு, எல்லாத்துக்கும் காசு. பாட்டி பாத்துக்கற வேலைக்கு இங்க பில் வராது, அங்க வரும். எங்க ஊர்ல சம்பை ஊத்துத் தண்ணி குடிச்சு வளந்தவங்க அங்க போய் கேன் தண்ணிக்கு மாசம் கணக்கு எழுதறப்ப தான் இதெல்லாம் ஒரு சம்பளம்னு தெரியவே வரும்.

சரி, அதுக்காக சொந்த ஊர்ல எல்லாம் சும்மா கெடைக்குதுன்னு நெனைக்காதீங்க. இங்க ரெண்டு பெரிய பில்லு இருக்கு. ஒண்ணு மொய். ஆவணியில, தை மாசத்துல எங்க வீட்டு டிவி ஸ்டாண்டு மேல பத்திரிக்கை அடுக்கி கெடக்கும், கல்யாணம், காதுகுத்து, புதுவீடு, சாந்தி, ஒரே நாள்ல மூணு எடத்துக்கு ஓடுன முகூர்த்தம் எல்லாம் உண்டு. சென்னையில இருக்கறவன் ஜிபேல ஒரு 500 போட்டுட்டு "லீவு கெடைக்கல"ன்னு சொல்லிருவான், ஊர்ல இருக்கறவன் போயே ஆகணும், கவர், வண்டி, சட்டை, எல்லாம். போன தை மாசம் எனக்கு மொய் மட்டும் 7 ஆயிரம் தாண்டிருச்சு, இது எந்த கால்குலேட்டர்லயும் இல்ல. இன்னொண்ணு ஆஸ்பத்திரி. கொஞ்சம் பெரிய வியாதின்னா மதுரைக்கோ திருச்சிக்கோ போகணும், ரெண்டும் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், கார் வாடகை, கூட வர்ற ஆளுக்கு ஒரு நாள் சம்பளம், அங்க சாப்பாடு. டாக்டர் ஃபீஸ விட மத்தது தான் ஜாஸ்தியா வரும்.

அப்புறம் அந்தப் பெரிய வீடுகள். வாடகை இல்லாத வீடுன்னு வெளியூர்க்காரங்க பாத்து வாயப் பொளப்பாங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி முகப்புலேர்ந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் ஒத்த ஆளா கூட்டிப் பெருக்க முடியாம ரெண்டே ரூம்ல பொழங்கறாங்க, ஓடு மாத்த ஆளு கூப்புட்டா பங்காளிகள் பதினாலு பேர் கிட்ட போன் போட்டு பங்கு வசூல் பண்ணணும், அதுல நாலு பேரு போனே எடுக்கறதில்ல. விக்கவும் முடியாது, விடவும் முடியாது.

சம்பளம் சென்னை, குடியிருப்பு காரைக்குடின்னா எப்படி இருக்கும்னு எல்லாரும் 2020ல பாத்துட்டாங்க. எங்க தெருவுலயே ரெண்டு பசங்க மாடியில ஃபைபர் நெட் போட்டு உக்காந்து பெங்களூர் சம்பளம் வாங்குனாங்க, ஒருத்தன் ரெண்டு வருசத்துல வீட்டுக் கடனையே அடைச்சுட்டான். அப்புறம் கம்பெனிகள் ஆபீசுக்கு வாங்கன்னு கூப்புட ஆரம்பிச்சாச்சு, இன்னும் சில எடத்துல சின்ன ஊர்ல இருந்தா சம்பளத்தக் கொறைப்போம்னு சொல்றாங்க. கோவம் வரும் தான், வேலை அதே வேலை தானே. ஆனா யோசிச்சா சென்னைக்குப் போகச் சொல்லி கூடக் குடுத்தத நாம சந்தோசமா வாங்கிக்கிட்டோம்ல, அதோட மறுபக்கம் இது. வீட்லேர்ந்து வேலைன்னு சொல்ற ஆஃபர் வந்தா ஊர வச்சு சம்பளம் மாறுமான்னு கையெழுத்துக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு வாங்கிருங்க.

பையன் விசயத்துக்கு வர்றேன். கவரப் படம் எடுத்துக்கிட்டுப் போனான், எச்ஆர் கிட்ட 52 கேட்டான், 50,500க்கு முடிஞ்சுது. ஆனி கடைசியில விடிகாலை பல்லவன் எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விட்டோம், அக்கா மாவடு, பருப்புப்பொடி, கைமுறுக்குன்னு ஒரு பை கட்டிக் குடுத்துச்சு, அதுவும் ஒரு மாசச் சாப்பாட்டுச் செலவுல கொஞ்சம் கொறைக்கும்.

என் கவர் கணக்கு எவ்ளோ தூரம் சரியா இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, முதல் மாசம் மொத்தமா புட்டுக்கிச்சு. வீட்டு அட்வான்ஸ நான் எழுதவே இல்ல. மூணு மாச அட்வான்ஸ்ல இவன் பங்கு 24 ஆயிரம், புரோக்கருக்கு ஒரு மாச வாடகையில பாதி 8 ஆயிரம், மெத்தை, பக்கெட்டு, அயர்ன் பாக்ஸ். 32 ஆயிரத்துக்கு மேல தனியா வேணும்னு நான் சொல்லியிருக்கணும், கடைசியில என் கிட்டயே கடன் வாங்குனான். அட்வான்ஸ் திரும்ப வரும், பெயிண்ட் காசு கழிச்சுட்டு. ரெண்டாவது மாசம் சாப்பாடு 9 ஆயிரம்னு போட்டது 11,200 ஆச்சு. வீட்டுக்காரர் கரண்டுக்கு சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு அவரா ஒரு ரேட் போடறாராம், தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்ங்கறது இவங்க ரூமுக்கு எட்டல. ஆபீஸ் பக்கத்துலயே ரூம் கெடைச்சதால போக்குவரத்து 2,500க்கு பதிலா 1,100ல முடிஞ்சுருச்சு, அது ஒண்ணு தான் நமக்கு சாதகம்.

ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தான். முடி காதத் தாண்டி தொங்குது, செருப்புல வாரு அறுந்து கெடக்கு, கையில ரெண்டு பேண்ட்ட மடிச்சு வச்சிருக்கான், நீளம் கொறைக்கணுமாம். "ஏன் மாப்ள, சென்னையில சலூன் இல்லையா"ன்னு கேட்டேன். "இருக்கு மாமா, முடிவெட்டவே 250 கேக்கறான், எல்லாத்தயும் இங்க வந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்"னு சொல்லிட்டு, பைய திண்ணையில போட்டுட்டு கல்லுக்கட்டிக்கு வண்டிய எடுத்தான்.